யானையின் தூக்கிய கால்

ஜினதாஸ் எழுதும் நாவலில் ஒரு பட்டத்து யானை ஒன்பது வருடமாக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மேலே ராஜா. எதிரே எதிரிப் படை. கால் கீழே வந்தால் போர். இருபத்து மூன்றாம் அத்தியாயம் அதோடு நிற்கிறது.

ஐயம்பேட்டையில் தறிச் சாமான் கடை வைத்திருக்கும் ஜினதாஸுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை முன்னறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே இலக்கியம் நடக்கிறது என்று வெளியே பேச்சு. நடப்பது என்னவோ பேப்பர், நாலு முறுக்கு, அப்புறம் ஒரு கோழித்தூக்கம். மாவு மெஷினுக்குப் போக வேண்டாம். தென்னேரி மாமியார் வீட்டில் உளுந்து காயவைக்க வேண்டாம். காதுகுத்துக்குத் தலைகாட்ட வேண்டாம். "அவரு எழுதறாரு" என்று மனைவி திரிசலாவே சொல்லி அனுப்பிவிடுவாள். நாவல் முடிந்தால் இந்தச் சுகமெல்லாம் முடிந்தது. ஆகவே உயிரே போனாலும் அதை முடிப்பதில்லை என்று அவர் தீர்மானமே செய்திருந்தார்.

போன சித்திரையில் திரிசலா கேட்டேவிட்டாள்.

"ஏங்க, அந்த யானைக்குக் கால் மரத்துப் போயிருக்காதா?"

"நாம ஜைனருங்க திரிசலா. போர்னா ரத்தம். எழுதக் கை வரமாட்டேங்குது."

"அப்ப பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடட்டா? அலமாரி பூரா அடைச்சிக்கினு இருக்குது."

ஜினதாஸ் பதறிப்போய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முடியாததுக்குத் தாம்மா மதிப்பு ஜாஸ்தி! தறியில பாவு நூலைக் கடைசி வரைக்கும் நெய்யறாங்களா? கொஞ்சம் மிச்சம் விடுவாங்க. எதுக்கு? அந்த நூல் முனையில தான் புதுப் பாவு நூலைப் பிணைக்கணும். மிச்சம் இல்லன்னா தறியே காலி. என் நாவலும் அந்த மிச்சம் மாதிரி தான்."

"பிணைக்கறது யாரு? நெய்யறவங்களா?"

"சேச்சே, அதுக்கு வேற ஆளு. நெய்யறவன் பாட்டுக்கு டீ குடிச்சிக்கினு இருப்பான். அவங்க வந்து பிணைச்சிட்டுப் போயிடுவாங்க."

"ஓகோ" என்றாள் திரிசலா. அதன்பின் நாவலைப் பற்றி வாயே திறக்கவில்லை. தன் சாமர்த்தியத்தை மெச்சி ஜினதாஸ் அன்று ரெண்டு முறுக்கு கூடுதலாகத் தின்றார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. பேப்பரை மடித்து அவர் கண்ணை மூடிய நேரத்தில் எதிர்வீட்டு கோதண்டபாணி கதவைத் தட்டினார். கையில் போன். கண்ணெல்லாம் சிவப்பு.

"அழ வெச்சிட்டியேப்பா! யானை காலைக் கீழ வெச்சிடுச்சே!"

"எந்த யானை?"

"உன் யானை தாம்பா! போன்ல கதை போடற ஆப்பு இருக்குதில்ல, அதுல நேத்து முடிஞ்சிடுச்சு. நாலாயிரம் பேரு படிச்சிருக்காங்க."

ஜினதாஸ் போனைப் பிடுங்கிப் பார்த்தார். எழுதியவர்கள்: ஜினதாஸ், திரிசலா. இருபத்து நான்காம் அத்தியாயத்தில் யானை காலைக் கீழே வைக்கிறது. முன்னால் அல்ல, பின்னால். அப்படியே திரும்பி, ராஜாவோடு அரண்மனையை நோக்கி நடந்துவிடுகிறது. அதைப் பார்த்து எதிரியின் யானையும் திரும்பிவிடுகிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முப்பதாம் அத்தியாயத்தில் சுபம்.

ஜினதாஸுக்கு வயிறு எரிந்தது. நன்றாக எழுதியிருந்தாள், அதனால் இன்னும் எரிந்தது. நேரே அடுப்படிக்குப் போனார்.

"என் கதையை நீ எப்படி முடிக்கலாம்?"

"நான் பிணைக்கத் தாங்க செஞ்சேன். நீங்க கடைக்குப் போனப்புறம் தினம் ரெண்டு பக்கம். நெய்யறவரு டீ குடிச்சிக்கினு இருக்கட்டுமேன்னு உங்ககிட்ட சொல்லல."

மாமியார் வீட்டு உளுந்து கண்முன்னே குவிந்தது. பயத்தில் மூளை வேகமாக வேலை செய்தது.

"சரி, ஆனது ஆச்சு. ரெண்டாம் பாகம் எழுதிடலாம். பெரிய பாகம். பத்து வருஷமாவது புடிக்கும்."

"நானும் அதையே தாங்க நெனச்சேன்" என்றாள் திரிசலா. ஜினதாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிறு, மணி ஒன்பது. பேப்பரும் முறுக்குமாக வந்து, முன்னறை வாசற்படியில் ஏறக் காலைத் தூக்கினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வாளி நிறையக் கோதுமை. கூடத்து நாற்காலியில் கோதண்டபாணி உட்கார்ந்திருந்தார். உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதப்பா. அவங்க எழுதறாங்க."

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜினதாஸ் அப்படியே நின்றார். உள்ளேயிருந்து திரிசலாவின் குரல் வந்தது.

"ஏங்க, மாவை மட்டும் பாதியில விட்டுட்டு வந்துடாதீங்க!"