மூவாயிரம் பேரில் இல்லாத தாய்மாமன்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

கல்லாவியில் வசிக்கும் மரியாதைக்குரிய மச்சான் கங்கப்பன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ரேவதியின் கணவன் விஜயகுமார் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ரேவதியும் மகள் ஜெயப்ரியாவும் சுகம். அங்கே நீங்களும் வீட்டாரும் மாந்தோப்பும் சுகமா என்று உங்களிடமே கேட்டிருப்பேன். நீங்கள் போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்துவிட்டீர்கள். அதனால் ஊத்தங்கரை பஸ் கண்டக்டரிடம் விசாரித்தேன். நீங்கள் நன்றாக இருப்பதாகவும், என் பெயரைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் சொன்னார். முதல் பாதியைக் கேட்டு மகிழ்ச்சி.

கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவிலேயே இருந்து ஓய்வுபெற்றவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். கோபப்படாமல், எந்தப் பக்கமும் சாயாமல், பழுது எங்கே வந்தது என்று பார்ப்பதுதான் என் பழக்கம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் மருமகள் ஜெயப்ரியா பார்ப்பது துகள் இயற்பியல் ஆராய்ச்சி. ஐரோப்பாவில் பூமிக்கடியில் ஒரு வளையம் தோண்டி வைத்திருக்கிறார்கள். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகிற ரோட்டைச் சுருட்டி வட்டமாக்கினால் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. அதற்குள் அணுவை விடச் சின்னத் துகள்களை எதிரெதிரே ஓடவிட்டு மோதவிட்டு, சிதறுவதில் புதிதாக ஏதாவது தென்படுகிறதா என்று பார்க்கிற வேலை. வினாடிக்குக் கோடிக்கணக்கில் மோதுமாம். அதில் ஆயிரம் சொச்சத்தை வைத்துக்கொண்டு மீதியைக் கருவியே அந்த நொடியில் தள்ளிவிடுமாம். இந்த ரிஜெக்ட் கணக்கை நான் எங்கள் மேனேஜரிடம் கொண்டுபோயிருந்தால் கம்பெனிக்கே பூட்டுப் போட்டிருப்பார். இதற்காக அவள் பெங்களூரில் எம்.எஸ்சி., அப்புறம் பி.எச்டி., அப்புறம் ஜெர்மனியில் கொஞ்ச வருடம், இத்தாலியில் கொஞ்ச வருடம் என்று ஒப்பந்தம் முடிய முடியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும், ஒவ்வொரு பொங்கலுக்கும் நீங்கள் “பாப்பாவுக்கு பர்மனென்ட் ஆயிருச்சா மாப்ள?” என்று கேட்டதும், நான் “அப்ரண்டிஸ் முடிஞ்சுதுங்க மச்சான், இப்ப காண்ட்ராக்ட்ல இருக்குது” என்று நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிச் சமாளித்ததும், ஒருவழியாக இந்தச் சித்திரையில் பெங்களூரிலேயே உதவிப் பேராசிரியர் வேலை நிரந்தரமாகக் கிடைத்ததும், கையோடு கல்யாணம் நிச்சயமானதும் நீங்கள் அறிந்தவையே.

அந்தச் சமயம் பார்த்து அவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வெளியானது. ஏதோ ஒரு துகளை வருடக்கணக்கில் தேடியிருக்கிறார்கள். இல்லை. இல்லை என்பதை விலாவாரியாக எழுதி, தேடின மூவாயிரம் பேரும் பெயர் போட்டிருக்கிறார்கள். வேலை செய்த அத்தனை பேருக்கும் இடம் உண்டு, அகர வரிசை, பெரியவர் சின்னவர் கிடையாது. நம் ஊரில் காதுகுத்துப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் ஒரு வரி கீழே இறங்கினாலே இரண்டு தலைமுறைக்குப் பேச்சு நின்றுபோகிறது. இவ்வளவு நியாயமான ஏற்பாடு நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ரேவதியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

இந்த இடத்தில்தான் என் தம்பி மகன் பிரதாப் உள்ளே வந்தான். அவன் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். ஃப்ளெக்ஸ் இல்லாமல் அவனுக்குச் சந்தோஷப்படத் தெரியாது. “பெரியப்பா, அக்கா பேர மட்டும் போட்டா எவனும் நம்பமாட்டான், அத்தன பேரையும் போட்டுரலாம்” என்று மூவாயிரம் பெயரையும் இங்கிலீஷில் அப்படியே அச்சடித்து, ஜெயப்ரியா பெயரை மட்டும் சிவப்பாக்கி, தெருமுனையில் இருபதடி உயரத்துக்குக் கட்டிவிட்டான். டீக்கடை மறைந்துபோனது. டீக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். ஏதோ கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுத்த லிஸ்ட் என்று நினைத்து ஐ.டி.ஐ. பையன்கள் சாரிசாரியாக வந்து பெயர் தேடினார்கள். அதில் ஒருவன் தன் பெயர் இருப்பதாகவே சொல்லி, எந்த கேட்டில் ரிப்போர்ட் பண்ண வேண்டும் என்று எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

அன்றைக்குத்தான் நீங்கள் மாம்பழக் கூடையோடு பஸ்ஸை விட்டு இறங்கினீர்கள். வீட்டுக்கு வரவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, உச்சி வெயிலில் விரலை நீட்டி, முதல் பெயரிலிருந்து படிக்க ஆரம்பித்தீர்கள். நான் குடையோடு ஓடிவந்தபோது பாதி தாண்டியிருந்தீர்கள். முடித்துவிட்டுத்தான் திரும்பினீர்கள்.

“ஜப்பான்காரன் பேரு இருக்குது, ரஷ்யாக்காரன் பேரு இருக்குது, செத்துப்போனவன் பேருகூட நட்சத்திரம் போட்டு இருக்குது. தாய்மாமன் எம்பேரு எங்க மாப்ள?”

“மச்சான், இது பத்திரிக இல்லீங்க. அங்க வேல செஞ்சவங்க பேருங்க.”

“மூவாயிரம் பேரு போட்டவனுக்கு இன்னொரு பேரு போட எடமில்லாம போச்சா? அப்ப நான் செஞ்சது வேல இல்லியா?”

கேட்ட கையோடு கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். மாம்பழமும் போயிற்று.

பரிசோதனைக்காரனாகச் சொல்கிறேன், உங்கள் கேள்வியில் பழுதில்லை. காவிரித் தகராறில் எல்லையோடு பஸ் நின்றுபோன அன்றைக்குத்தான் பெங்களூரில் ஜெயப்ரியாவுக்கு எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அடுத்த வருடம் எழுதட்டும் என்றேன். நீங்கள் அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரையும் ரோஜாத் தோட்டமுமாகச் சந்து பொந்தெல்லாம் புகுந்து, மறித்தவர்களிடம் பெண்ணுக்குப் பரீட்சை என்று ஓர் ஊரில் தெலுங்கும் அடுத்த ஊரில் “நம்ம ஹுடுகிகெ பரீட்செ இதெ ஸ்வாமி” என்று கன்னடமும் பேசி, மணி அடிப்பதற்குள் கொண்டுபோய் விட்டீர்கள். வேலை நேர்காணலில் அவளையும் இப்படித்தான் மடக்கினார்களாம், மூவாயிரம் பேரில் நீ என்ன செய்தாய் என்று. “கருவி சூடாகாம இருக்கறதுக்கு ஒரு குழாய் ஓடுது சார். அத நான் பாத்துக்கிட்டேன். அது நின்னா மீதி எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்” என்றாளாம். வேலை கிடைத்துவிட்டது. அந்தக் கணக்கில் நீங்களும் ஒரு குழாய்தான் மச்சான். உயர்வாகத்தான் சொல்கிறேன்.

ஆனாலும் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு காகிதத்தில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன? பெற்ற அப்பன் நான்; எனக்கே அதில் இனிஷியலாக ஓர் எழுத்துதான். நான் வருத்தப்பட்டேனா? சாப்பாடு இறங்காமல் போயிற்றா? பெயருக்காக உறவை முறித்துக்கொள்வது இந்த வயதில் நமக்கு அழகில்லை.

ஆவணியில் கல்யாணம். மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டாமல் நம் வீட்டுப் பெண் எவளும் மணமேடை ஏறியதில்லை. பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாக, மாமன் முறையில் வேறு யாராவது கட்டட்டுமே என்றார்கள். ஜெயப்ரியா, “எம் மாமா வராம நான் மேடையேற மாட்டேன், மண்டபத்த வேண்டாம்னு சொல்லிருங்க” என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொன்னால் செய்கிறவள், இல்லாத துகளையே அத்தனை வருடம் தேடினவள். ரேவதி உலை கொதிப்பது தெரியாமல் அடுப்படியில் நின்று அழுகிறாள். எனக்கும் நீங்கள் பேசாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஃப்ளெக்ஸைக் கழற்றியாயிற்று; டீக்கடைக்காரர் சமாதானமாகி அதையே கடைக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டார். அவரே மனம் மாறிவிட்டார், நீங்கள் மாறக்கூடாதா? வந்து மருமகளை வாழ்த்துங்கள் மச்சான்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும். தோப்புக்கு நல்ல மழையும் உங்களுக்கு நல்ல மனமும் வாய்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பேருக்கும் புகழுக்கும் ஆசைப்படாத,
விஜயகுமார்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் பிரதாப் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினான். அத்தனையும் அச்சாகிவிட்டது. இனி பெயர்ச் சண்டையே வரக்கூடாது என்று ஜெயப்ரியா தன் கட்டுரை முறையிலேயே எழுதிக் கொடுத்தாளாம்: கல்யாணத்துக்கு வேலை செய்கிற அத்தனை பேருக்கும் இடம், அகர வரிசை. “கங்கப்பன், தாய்மாமன்” என்று உங்கள் பெயர் ஆரம்பத்திலேயே ஜம்மென்று இருக்கிறது. என் பெயரைத் தேடினேன். சமையல் பாப்பம்மா வந்தார். மேளம் முனிசாமி வந்தார். ரேவதி வந்தாள். பந்தல் வரதன்கூட வந்துவிட்டார். எல்லாரும் வந்தபிறகு, கடைசி வரியில், “விஜயகுமார், அப்பா.” பெற்றவன் பெயர் பந்தல்காரருக்குக் கீழே! ஊரில் எவன் முகத்தில் விழிப்பேன்? இந்தக் கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை. நீங்கள் அவசியம் முன்னதாகவே வந்து, என் இடத்திலும் நின்று நடத்திக்கொடுக்கவும். வரும்போது உங்கள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரவும். நான் கல்லாவிக்கு வந்து இருந்துகொள்கிறேன்.