எட்டு கோரும் நாலு சுவரும்

இனிமேல் இந்த வீட்டுக்குள் எந்த மெக்கானிக்கும் கால் வைக்கக் கூடாது என்று ஒரு சனிக்கிழமை நான் பிரகடனம் செய்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருவர். ஒருத்தி என் மனைவி. இன்னொன்று டேபிள் ஃபேன். ஃபேன் மட்டும்தான் 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டியது.

விஷயம் இதுதான். என் மனைவி ஓர் அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிறாள். பின்னறையில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் அவள் ஒரு கூடை துணியை மடித்துவிடுவாள். "ப்ராசஸர்தான் அதோட மூளை. அதை மாத்தினா பறக்கும்" என்று சொல்லி, நாலு கோர் ப்ராசஸரைக் கழற்றிவிட்டு, அதைவிட ரெண்டு மடங்கு வேலை செய்யுமாம், எட்டு கோர் ப்ராசஸரை நானே மாட்டினேன். சூடு தணிய மூளைக்கு மேல் தடவும் பசையில் பாதி என் மீசைக்குப் போனது. அதைப் பற்றி இப்போது பேச்சில்லை.

ஸ்விட்சைப் போட்டேன். திரையில் பழைய நாலு கோரின் பெயரே வந்தது. வேகமும் அதே பழைய நடை.

"என்னங்க, அதுக்குத் தன் பேரே தெரியலையே?"

"புதுசு இல்லையா, கொஞ்சம் கூச்சப்படுது."

"மூளையை மாத்துறேன்னு சொல்லி அதை மூலையில உக்கார வச்சிட்டீங்க. ப்ராசஸர் வித்த கடைக்காரம்மாவைக் கூப்பிடட்டுமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அது தன் பேரைச் சரியாச் சொல்லும். பந்தயம்!"

"சொன்னா, இந்தப் பின்னறைக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையிலேர்ந்து உங்களுக்கு விடுதலை. என் தம்பியை வச்சு அடிச்சுக்கிறேன். சொல்லலைன்னா, நாலு சுவரும் உங்களுக்கு."

ஆறு மாதமாக நான் ஒத்திப்போட்டுவரும் வேலை அது. ஞாயிறு முழுவதும் போராடினேன். கழற்றினேன், துடைத்தேன், ஊதினேன், மாட்டினேன். எட்டு கோர் எனக்கு எட்டாத கோராகவே இருந்தது.

ஐந்தே முக்காலுக்கு ஒரு குறுக்கு வழி கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் தன் ப்ராசஸரின் பெயரை உள்ளே ஓரிடத்தில் குறித்து வைத்திருக்குமாம். அங்கே போய் நாமே வேறு பெயரை எழுதிவிடலாமாம். ஆனால் அணைத்துப் போட்டால் பழைய பெயரே திரும்பி வந்துவிடும். எழுதினேன். மனைவியைக் கூப்பிட்டேன்.

"அட, எட்டு கோர்! கெட்டிக்காரர்தான் நீங்க!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். நெஞ்சு நிமிர்ந்தது. கூடவே கண் ப்ளக் பக்கம் போனது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. இதை யாரும் அணைக்கக் கூடாது. புது மூளை, செட்டாக நாலஞ்சு நாளாகும்."

"அப்படியா? சரிங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் 'சரி' சொன்னதை நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

திங்கள் மாலை ஆபீஸிலிருந்து வந்தால், வாசலில் ஏணி. மைத்துனன் பெயிண்ட் வாளியோடு பின்னறையில் நிற்கிறான். தொழிலே அவனுக்குப் பெயிண்டிங்தான்.

"வாங்க அத்தான். மேசையை ஹாலுக்குத் தள்ளிட்டு ஆரம்பிக்கலாம். இந்தக் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிடவா?"

"தொடாதே!"

நான் போட்ட சத்தத்தில் வாளி ஆடியது.

"பிடுங்காம எப்படி அத்தான் மேசையை நகர்த்துறது? நான் கையை வீசி அடிக்கிறவன். ஏணி ஒயர்ல மாட்டினா நான் பொறுப்பில்லை."

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன பண்றதுங்க? அணைக்கவும் கூடாதுங்கறீங்க. அறைக்கும் பெயிண்ட் அடிச்சாகணும்."

"ஒயரைத் தொடாம நானே அடிக்கிறேன்" என்றேன். வேறு வழி?

"ஐயோ, நீங்க பந்தயத்துல ஜெயிச்சவராச்சே!"

"பரவாயில்லை. ஜெயிச்சவன் பெருந்தன்மையா இருக்க வேண்டாமா?"

கம்ப்யூட்டருக்குப் பழைய போர்வையைப் போர்த்தினேன், மூச்சுவிடப் பின்பக்கம் இடைவெளி விட்டு. திங்கள் ஒரு சுவர். செவ்வாய் ஒன்று. புதன் ஒன்று. தொழில் தெரிந்தவன் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்தான். தெரியாத நான் ஏணியில் நின்றேன்.

"மேல ஒரு திட்டு விட்டுப்போச்சு அத்தான்."

"தெரியும்டா!"

"கீழ வழியுது அத்தான்."

"அதுவும் தெரியும்டா!"

வியாழன் மாலை நாலாவது சுவரும் முடிந்தது. உண்மையைச் சொல்வதென்றால் அறை அழகாகத்தான் இருந்தது. இளநீல நிறம். நான் அடித்ததுதானா என்று எனக்கே சந்தேகம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று ரசித்தேன். அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள், போர்வையை உருவினாள், ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"அடியே!"

"மேசை அடியில பெருக்கணும்ங்க."

பெருக்கினாள். நிதானமாக ப்ளக்கைச் செருகினாள். ஸ்விட்சைப் போட்டாள். திரை வெளுத்தது, கறுத்தது, எழுத்து வந்தது.

எட்டு கோர்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எட்டு கோரேதான். அவள் ஒரு பக்கத்தைத் திறந்தாள். கண் சிமிட்டுவதற்குள் திறந்துகொண்டது.

"பார்த்தியா! செட்டாயிடுச்சு! நான் சொன்னேனா இல்லையா?" என்று நான் ஏறக்குறைய ஆடினேன்.

அவளும் சிரித்தாள். மைத்துனன் டீயை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எனக்கு ஏதோ உறைத்தது.

"இது எப்படி...?"

"திங்கட்கிழமை காலையில நீங்க ஆபீஸ் போனதும் ஒரு பக்கத்தைத் திறந்தேன். பழைய ஊர்வலம்தான். அணைச்சுப் போட்டுப் பார்த்தேன், பழைய பேரு வந்துச்சு. கடைக்காரம்மாவுக்குப் போன் பண்ணினேன். 'மதர்போர்டுல இருக்கிற ஸ்டார்ட்டிங் புரோகிராம், பயோஸ்னு பேரு, அது பழசு, அதுக்குப் புது ப்ராசஸரை அடையாளம் தெரியலை, புதுசாக்கிடுங்க'ன்னாங்க. நெட்லேர்ந்து பென்டிரைவ்ல இறக்கிப் போட்டேன். பத்து நிமிஷ வேலை."

"திங்கட்கிழமை காலையிலேயேவா? அப்போ ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நல்லா இருக்கே! சொல்லியிருந்தா நீங்க ஏணியில ஏறியிருப்பீங்களா?"