பத்து விரலும் ஒரு கலியாண வீடும்

நோபல் பார்க்,
மெல்பேர்ண்.
ஆனி 3

அன்புமிக்க மைத்துனர் திரு. அருந்தவன் அவர்களுக்கு,

இங்கு நானும் ரஞ்சினியும் மகன் நிதுஷனும் இன்றைய திகதி வரைக்கும் சுகமாக உள்ளோம். நாளைய நிலைமை பற்றி என்னால் உறுதி கூற முடியாது. அங்கு ஜேர்மனியில் தாங்களும், என் தங்கை யோகராணியும், மணப்பெண்ணாகிய மருமகள் மயூராவும் குறையொன்றுமின்றி இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். தாங்கள் அனுப்பிய கலியாண அழைப்பிதழ் கிடைத்தது. வாட்ஸ்அப் இருக்க இவன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். வாட்ஸ்அப்பை ஆர் ஆர் வாசிக்கிறார்களோ தெரியாது. ஆகையால் இக்கடிதத்தை வாசித்து முடித்ததும் கிழித்து அடுப்பில் போடவும். உங்கள் குசினியில் இருப்பது மின்சார அடுப்பு என்றால் கிழிப்பதுடன் நிறுத்தவும்.

மச்சான், உனக்கு "நீங்கள்" போட்டு எழுத எனக்கு மூச்சு முட்டுது. மரியாதை இவ்வளவும் போதும். விசயத்துக்கு வாறன். நான் கலியாணத்துக்கு வரேல்லை. இதை யோகராணியிட்டைச் சொல்லுற பொறுப்பு உன்னுடையது. போன கிழமை அவள் போனிலை, "அண்ணை, ஐயாவும் இல்லை, அம்மாவும் இல்லை. என்ரை பக்கத்தாலை நிக்கிறதுக்கு நீங்கள் ஒராள்தான். தாய்மாமன் நிக்காத கலியாணத்திலை நான் போட்டோவுக்குச் சிரிக்கமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டாள். அதுக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. ஆனால் வந்தால் என்னைப் பிடிப்பாங்கள். என்னோடை சேத்து உன்னையும் பிடிப்பாங்கள். பெண்ணின்ரை தகப்பனும் இல்லை, மாமனும் இல்லை எண்டு ஒரு கலியாணம் நடக்கிறதை விட, மாமன் மட்டும் இல்லை எண்டு நடக்கிறது திறம் இல்லையோ?

தொடக்கத்திலை நான் பயப்பிடேல்லை. ரிக்கற்றும் போட்டாச்சு. பிறகுதான் நிதுஷனிட்டை, "தம்பி, விசாவுக்கு எந்தக் கந்தோருக்குப் போகவேணும்?" எண்டு கேட்டன். "நோ விசா, அப்பா. ஒஸ்ரேலியன் பாஸ்போட். நைன்ரி டேய்ஸ்" எண்டு போனிலையிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான். சரி, விசா வேண்டாம் எண்டதுக்கு ஒரு கடிதமாவது தருவினமோ எண்டு கேட்டன். "நோ லெட்டர், அப்பா. தட்ஸ் த பொயிண்ட்." மச்சான், விசா வேணும் எண்டால் நான் பயப்பிடமாட்டன். நிரப்பப் போம் இருக்கும், வரிசை இருக்கும், கண்ணாடிக்கு அங்காலை கோவமான ஒரு மனுசி இருப்பா, அவவுக்குப் பயந்துபோட்டு வீட்டை வந்து நிம்மதியாப் படுக்கலாம். விசாவே வேண்டாம் எண்டால் நான் ஆரிட்டைப் போய்ப் பயப்பிடுறது?

ஆகவே ஒருத்தரும் கேக்காமலே நானா ஒரு பைல் கட்டினன். வேலையிடத்துக் கடிதம், கவுன்சில் வரிக் கடிதம், இரத்தம் சோதிச்ச றிசல்ட், பிறகு எங்கடை கலியாண எழுத்துப் பத்திரம். ஏனெண்டால் ரஞ்சினியின்ரை பாஸ்போட்டிலை இன்னும் அவவின்ரை ஐயாவின்ரை பேர், என்ரையிலை என்ரை ஐயாவின்ரை பேர். அங்கத்தைய ஒபிசர் பாத்தால், ஆரோ தெரியாத ரண்டு பேர் ஒரு சூட்கேசோடை வருகினம் எண்டுதான் நினைப்பான். அதுக்குப் பிறகு மயூராவின்ரை கலியாண அழைப்புக் காட்டை மொழிபெயர்ப்பிச்சு, சனிக்கிழமையிலை நூலகத்திலை இருந்து உண்மைப் பிரதி எண்டு சீல் குத்துற ஜே.பி. கிழவரிட்டைக் கொண்டு போனன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, முதல் பக்கத்திலை இருக்கிற யானையார் ஆர் எண்டு கேட்டார். கடவுள் எண்டன். "அசலைக் காணாமல் நான் கையெழுத்து வைக்கிறேல்லை" எண்டு அந்தாள் ஒற்றைக்காலிலை நிண்டுது. அழைப்புக் காட்டின்ரை அசலைத்தான் கேக்கிறார் எண்டு எனக்கு விளங்கப் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசமும் நான் கயிலாயத்தைப் பற்றி விளங்கப்படுத்திக் கொண்டிருந்தனான். கடைசியிலை பிள்ளையாரின்ரை தொந்தியிலை சீல் விழுந்துது. எனக்கு அது நல்ல சகுனமாப் படேல்லை.

இவ்வளவும் சின்னப் பயம். பெரிய பயத்தைக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணசாமி. சென்னைக்காரர், ஓய்வு பெற்றவர், நாள் முழுக்க யூடியூபிலை உலகத்துச் சட்டம் எல்லாம் பாக்கிறவர். வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்து, "என்ன சார், விசா வேணாம்னு நிம்மதியா இருக்கீங்களா? அங்கதான் விஷயமே இருக்கு. இப்போ பார்டர்ல பாஸ்போர்ட்ல முத்திரை குத்தறதையே நிறுத்திட்டாங்க. மூஞ்சிய போட்டோ எடுப்பாங்க, அப்புறம் நாலு விரல மெஷின்ல வைக்கச் சொல்வாங்க. கம்ப்யூட்டர் எதையும் மறக்காது சார்" எண்டார். "எத்தினை வருசத்துக்கு மறக்காது?" எண்டு கேட்டன். "அது உங்களுக்கு எதுக்கு சார்? நீங்க என்ன திருடனா?" எண்டு சிரிச்சார். நானும் சிரிச்சன். நான் சிரிச்ச விதத்தைப் பாத்து மனுசன் ஓடிப்போய்த் தண்ணி கொண்டுவந்து தந்தார்.

உனக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனாலும் ஒழுங்கா எழுதுறன், கிழிக்க முதல் அங்கை ஒரு வழக்கறிஞரிட்டைக் காட்டலாம். தொண்ணூற்றிரண்டு மாசியிலை நாங்கள் செக்கோசிலாவாக்கியாவிலை ஒரு அறைக்குள்ளை பதினொரு பேர். ஏஜென்ற் முதல் வான் வண்டியிலை உன்னைத்தான் ஏத்த இருந்தவன். உனக்கு வந்துது கொப்பளிப்பான், மேலெல்லாம் அம்மைக் கொப்புளம். "லிஸ்டிலை பேர் மாத்த நேரமில்லை, நீதான் அருந்தவன்" எண்டு என்னை ஏத்திப்போட்டான். நாலு நாளா உன்ரை பேரையும் பிறந்த திகதியையும் பாடமாக்கினன். பொலிஸ் சாப்பிடப் போற நேரம் எண்டு பட்டப்பகலிலை ஜேர்மன் எல்லையைக் கடக்க வைச்சான். அண்டைக்கு அவங்கள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாங்கள். பிடிச்சு, பத்து விரலையும் மையிலை தோய்ச்சு ஒத்தி எடுத்து, பேர் என்ன எண்டு கேட்டாங்கள். நான் நெஞ்சை நிமித்தி உன்ரை பேரைச் சொன்னன். ஒரு கடுதாசியைத் தந்து அடுத்த நாள் வந்த பக்கமே திருப்பி விட்டாங்கள். நான் கொழும்புக்குப் போய், ரஞ்சினியைக் கட்டி, அவவின்ரை புண்ணியத்திலை இஞ்சை வந்து சேந்தன். நீ அடுத்த மாசம் அதே எல்லையாலை போய் ஒன்பது மாசம் முகாமிலை கிடந்தாய். "என்ரை பேரிலை முதலே போய்க் காரியத்தைக் கெடுத்தவன் நீதான்" எண்டு முப்பத்துநாலு வருசமாச் சொல்லுறாய். யோகராணியைக் கேட்டு வரேக்கையும் அந்த ஒன்பது மாசத்தைக் காட்டித்தானே என்ரை வாயை அடைச்சனி? நானும் சும்மா இருக்கேல்லை. எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் ரண்டாவது கிளாசுக்குப் பிறகு, ஜேர்மன்காரனை நேருக்கு நேர் பாத்துப் பொய் சொன்ன கதையைச் சொல்லாமல் எழும்பினதில்லை. மெல்பேர்ணிலை மட்டும் ஒரு இருநூறு பேருக்குத் தெரியும். இருநூறு சாட்சி, மச்சான்!

இப்ப யோசிச்சுப் பார். அந்தக் கொம்பியூட்டருக்குள்ளை என்ரை விரல் கிடக்குது, அதுக்குப் பக்கத்திலை உன்ரை பேர் கிடக்குது. நான் ஜெயரட்ணம் எண்ட பாஸ்போட்டை நீட்டிக்கொண்டு விரலை வைக்க, அது "வாரும் அருந்தவன்" எண்டு சொல்லும். அந்த நேரம் பாத்து அசல் அருந்தவன் வெளியிலை பூச்செண்டோடை நிப்பாய்.

விரலிலை உள்ள ரேகையை அழிச்சால் என்ன எண்டு யோசிச்சன். சிரிக்காதை. கால் தேய்க்கிற கல்லாலை ஒரு கிழமை தேய்ச்சன், சட்டி மினுக்கிற கம்பித் தும்பாலையும் தேய்ச்சன், ஊறுகாய்க்கு எண்டு சொல்லி மூண்டு கிலோ தேசிக்காய் வெட்டினன். முதலிலை என்ரை போன் என்னைத் தெரியாது எண்டிச்சுது. பிறகு வேலைக்குப் போனால், நான் இருபத்திரண்டு வருசமா வேலை செய்யிற டண்டினோங் பிஸ்கற் பக்டரி வாசலிலை வரவு பதியிற மெசின் சிவப்பு லைற் அடிச்சுது. வியற்நாம்காரச் சுப்பவைசர் வந்து என்ரை கையைப் பிடிச்சு வைச்சுப் பாத்தார், சிவப்பு. துடைச்சு வைச்சுப் பாத்தார், சிவப்பு. "ஜெயா, மெசின் சேய்ஸ் யூ ஆர் நோபொடி" எண்டார். மூண்டு நாள் கொப்பியிலை கையெழுத்து வைச்சுத்தான் உள்ளுக்குப் போனன். அப்பதான் எனக்கு உறைச்சுது. பிஸ்கற் செய்யிற இடத்திலையே இந்தப் பாடு எண்டால், ஜேர்மன்காரன் விரலில்லாத ஆளைக் கண்டால் என்ன நினைப்பான்? எதையோ மறைக்க வந்தவன் எண்டுதானே? அதுவும் உண்மைதானே!

நான் படுற பாட்டைப் பாத்து நிதுஷன் இரங்கி, "ஓகே அப்பா, பிராக்டிஸ் செய்வம்" எண்டு சாப்பாட்டு மேசைக்கு அங்காலை கதிரையைப் போட்டு ஒபிசர் மாதிரி இருந்தான். நான் பைலோடை நிண்டன். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஹவ் லோங் ஆர் யூ ஸ்ரேயிங், சேர்?" பதினாறு நாள் எண்டு சொல்லவேணும், அவ்வளவுதான். நான் தொண்ணூற்றிரண்டிலை தொடங்கி, வானின்ரை நிறம், உன்ரை கொப்பளிப்பான், கம்பித் தும்பு எல்லாம் சொல்லி, கிருஷ்ணசாமி வீட்டு மரத்திலை தேசிக்காயைக் கேளாமல் ஆய்ஞ்சதையும் ஒத்துக்கொண்டுதான் நிப்பாட்டினன். "அப்பா, ஐ வுட் அரெஸ்ட் யூ" எண்டான் என்ரை சொந்தப் பிள்ளை. குசினிக்குள்ளையிருந்து ரஞ்சினி, "அந்த மூண்டு கிலோவும் அவரின்ரை மரத்திலையோ ஆய்ஞ்சனீங்கள்?" எண்டு கேட்டா.

ஆகையால் மச்சான், முடிவாச் சொல்லுறன். ரஞ்சினியும் நிதுஷனும் வருவினம். மயூராவுக்கெண்டு நான் பாத்துப் பாத்து எடுத்த சேலையை ரஞ்சினி கொண்டு வருவா. நீ எயார்போட்டுக்குப் போகாதை, உன்ரை பேரும் என்ரை குடும்பமும் ஒரே இடத்திலை நிக்கிறது ஆபத்து. வேறை ஆரையும் அனுப்பு. யோகராணியிட்டை எனக்கு முதுகுப்பிடிப்பு எண்டு சொல். அவள் நம்பமாட்டாள், ஆனாலும் சொல். தாலி கட்டுற நேரம் வீடியோவிலை என்னைப் பிடி, ஆனால் முகத்தைக் கிட்டக் காட்டாதை.

மயூராவும் மாப்பிள்ளையும் எந்த வாசலுக்குப் போனாலும் ஒருத்தரும் மறிச்சு நிண்டு நீ ஆர் எண்டு கேளாத வாழ்வு வாழவேணும். இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியாது. தங்கச்சிக்கு என்ரை அன்பு. பெரியாக்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
வர விரும்பியும் வராத உன் மச்சான்,
ஜெயரட்ணம்

பி.கு.: கடிதத்தைக் கிழிக்காதை! உறையை ஒட்டினாப் பிறகு திரும்ப உரிச்சு எழுதுறன். நான் போகேல்லை எண்டு கேட்டதும் ரஞ்சினி அலுமாரிக்கு மேலை இருந்த பழைய சூட்கேசை இறக்கி, எங்கடை கலியாண அல்பத்துக்குள்ளை நாலா மடிச்சுக் கிடந்த அந்த எல்லைக் கடுதாசியை எடுத்து மேசையிலை வைச்சா. "முப்பத்துநாலு வருசத்திலை இதை ஒருக்காலாவது விரிச்சுப் பாத்தனீங்களோ?" எண்டு கேட்டா. பயத்திலை நான் அதை விரிச்சதே இல்லை. நிதுஷன் விரிச்சு, போனைப் பிடிச்சு மொழிபெயர்த்து வாசிச்சான். மச்சான், அதிலை உன்ரை பேர் இல்லை. ஜெயரட்ணம் எண்டு கிடக்குது. என்ரை பிறந்த திகதி, என்ரை ஊர், ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்கள், என்ரை அப்பப்பாவின்ரை பேரும் கிடக்குது. அடியிலை ஆரோ கையாலை எழுதியிருக்கினம்: "ஆள் நடுங்குகிறார். தேநீர் கொடுக்கப்பட்டது." நாலு நாள் பாடமாக்கின பொய்யை, கேட்ட உடனை பயத்திலை சொல்ல மறந்துபோனன்! தேத்தண்ணி குடிச்சதும் ஞாபகம் இல்லை. "அப்பா, யூ காண்ட் ஈவன் லை ப்ரொப்பர்லி" எண்டு நிதுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சொந்தப் பேரிலை திருப்பி விட்டதுக்கும் இப்ப பிடிப்பாங்களோ எண்டு கேட்டன். "நீங்கள் களவா வெளிக்கிட்ட அந்தச் செக்கோசிலாவாக்கியாவே இப்ப உலகத்திலை இல்லை. போய்ச் சூட்கேசை அடுக்குங்கோ" எண்டா ரஞ்சினி.

ஆகவே வாறன். இருநூறு பேருக்கும் ஒண்டும் சொல்லிப்போடாதை. உன்ரை ஒன்பது மாசம் என்னாலை வந்ததில்லை எண்டதும் இப்ப எழுத்திலை இருக்குது. அதைப் பற்றி, யோகராணியையும் பக்கத்திலை வைச்சுக்கொண்டு, ஆறுதலாக் கதைப்பம். என்ரை பெருவிரலைப் போன் இன்னும் மதிக்குதில்லை, ஆவணிக் கலியாணத்துக்குள்ளை தோல் வந்திடும் எண்டு கிருஷ்ணசாமி சொல்லுறார். நீ எயார்போட்டுக்கு வா. முன்னுக்கு நில். ஒரு மட்டையிலை பேரைப் பெரிசா எழுதிப் பிடிச்சுக்கொண்டு நில். என்ரை பேரை.