சுத்தியல் அச்சாறு

"என்ன அங்கிள், அச்சாறு போடுறீங்களா? படிக்கட்டு வரைக்கும் விநாகிரி மணக்குது," என்றாள் எதிர்வீட்டு ஜவாஹிறா.

"ஓம் பிள்ளை. சுத்தியல் அச்சாறு," என்றார் சவுந்தரநாயகம்.

பகிடி இல்லை. மனைவி றோஸியின் புரியாணிச் சட்டிக்குள் ஒரு சுத்தியலும் குறடும் ஒரு பிடி நீள ஆணிகளும் ஊறிக்கொண்டிருந்தன. துறைமுகத்தில் தச்சராக இருந்த மாமனாரின் சாமான்கள். றோஸி செத்து இன்னும் வருடம் திரும்பவில்லை. அதற்குள் எல்லாம் செம்மண் நிறத்தில் துருவேறிக் கிடந்தன. அவள் இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பாளா?

காலையில்தான் அவளுடைய தம்பி கிளைவ் வத்தளையிலிருந்து போன் எடுத்திருந்தான்.

"அத்தான், அப்பாவின்ர சாமான் பெட்டியை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வாறன். நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். கிடக்கிறபடியே தாங்கோ."

அந்தக் கடைசி வரிதான் சுட்டது. அந்தக் குடும்பத்தில் ஒருவரும் அவரை ஓர் ஆணி அடிக்க விட்டதில்லை. செத்தவீட்டிலேயே கிளைவ் சொல்லிவிட்டான்: "அக்கா இல்லாமல் உங்களால தனியச் சமாளிக்க ஏலாது. எங்களோட வந்திருங்கோ." இந்தத் துருவைக் கண்டால் அன்றைக்கே கையைப் பிடித்து வத்தளைக்கு ஏற்றிவிடுவான். இந்தக் கொட்டாஞ்சேனை மூன்றாம் மாடியில் றோஸியின் குடை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அதை விட்டுப் போக அவருக்கு மனமில்லை.

மறுநாள் துரு கழன்று, இரும்பு கன்னங்கரேலென்று கிடந்தது. கழுவிப் பல்கனியில் காயவைத்தார். துறைமுகத்துக் காற்று சும்மா விடுமா? அவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் துரு திரும்பவும் செம்மஞ்சளாகப் பூத்துவிட்டது.

"புளிப்பு போகல்ல அங்கிள். அப்பச்சோடா போட்டுக் கழுவுங்க," என்றாள் ஜவாஹிறா.

அவள் கழுவத்தான் சொன்னாள். அவரோ சாமான்களைத் திரும்பவும் விநாகிரிக்குள் இறக்கி, அதன்மேல் முழுப் பக்கற்றையும் கொட்டினார். சட்டி பொங்கியது. செந்நுரை பல்கனி விளிம்பைத் தாண்டி, கீழ்வீட்டில் காய்ந்த வெள்ளைப் படுக்கைவிரிப்பில் இறங்கியது. கீழேயிருந்து சிங்களத்தில் ஏறிவந்த சொற்களை, புதுக்கடை நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில்கூட அவர் கேட்டதில்லை.

சனிக்கிழமை முழுக்க சாண்ட்பேப்பரால் தேய்த்தார். இனித் துரு எட்டிப் பார்க்கக்கூடாதென்று தேங்காயெண்ணெயைத் தாராளமாகப் பூசினார். பிறகு, வேலை முடித்த பெருமிதத்தில் சுத்தியலை ஒருமுறை ஓங்கிப் பார்த்தார். அது வழுக்கிப் பறந்து பிரிட்ஜ் கதவில் பள்ளம் போட்டது.

ஞாயிறு. கிளைவ் காடாக வளர்ந்த தாடியோடு வந்தான். கூடவே அவன் மகள் றஷ்மி. வீட்டு மணத்துக்கு மூக்கைச் சுருக்கினான். பிரிட்ஜைப் பார்த்தான்.

"அத்தான், உடுப்புகளை அடுக்குங்கோ. வத்தளைக்குப் போவம்."

"முதல் பெட்டியைத் திறந்து பார், கிளைவ்!"

திறந்தான். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிபோல உள்ளே எல்லாம் மினுங்கியது. கிளைவ் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் சரிந்தான்.

"ஐயோ அத்தான்! பெரிய வெள்ளி நாடகத்தில யேசுவைச் சிலுவையில அறையிற சாமானெல்லோ இது! நான்தான் சேவகன். இதைத் தூக்கிக்கொண்டு மேடையில ஏறினால், நேற்றுக் கடையில வாங்கினதெண்டு சனம் சிரிக்கும்!"

சவுந்தரநாயகம் விழித்தார். அவருக்குப் பிள்ளையார், றோஸிக்கு மாதா. ஒருவர் கோயில் விசயத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்பது கலியாணத்தன்றே பேசி முடித்தது.

"நான் கவனிக்காமல் விட்டுத்தான் துருப்பிடிச்சதெண்டு நினைச்சன்…"

"கவனிக்காமலா?" என்றாள் றஷ்மி. "மாமி வருசா வருசம் உப்புத்தண்ணி தெளிச்சு, இந்தப் பல்கனிக் காத்தில வைச்சு ஆசையா வளர்த்த துரு மாமா அது! அப்பா, மாமா இஞ்சயே இருக்கட்டும். வாற வெள்ளிக்குள்ள அதைத் திருப்பி வளர்க்க வேற ஆராலயும் ஏலாது!"