மேகத் தேரில் ஏறிய சாமி

என்ன நடந்தாலும் சரி, தரையை விட்டுக் காலை எடுப்பதில்லை என்று சேனாதிபதி சபதம் எடுத்துக்கொண்டார். சபதம் எடுத்த இடம் குளியலறை. கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்த வீட்டில் வேறு எந்த இடத்திலும் அவரால் சபதம் எடுக்க முடியாது.

பெயர்தான் சேனாதிபதி. பழனி அடிவாரத்தில் விபூதி, சந்தனம், மாலை, காவடிச் சாமான் விற்கிற கடை அவருடையது. வருகிற பக்தர்களிடம், "ரோப் கார்ல போங்க, ஜம்முனு இருக்கும்" என்று வழி சொல்லுவார். அவர் மட்டும் படியேறித்தான் போவார். முட்டுவலியோடு படியேறுகிற பக்தியைப் பார்த்துத் தெருவே மெச்சியது. உண்மை என்னவென்றால், ரோப் கார்ப் பெட்டி ஆடினால் அவருக்கு வயிறு ஆடும்.

இப்போது வந்த சிக்கல் கொடைக்கானல் போகிற வழியில் இருந்தது. பெருமாள்மலைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற பொழுதுபோக்குப் பூங்காவில் புதிதாக ஒரு பகுதியைத் திறந்திருந்தார்கள். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் லாவண்யா அங்கே போய் வந்து, போனில் படம் அனுப்பியிருந்தாள். அதோடு விட்டாளா? அம்மாவுக்கும் அப்பாவுக்கும் டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள்.

கந்தம்மாள் போனைக் கணவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க, மேகத் தேராம். பனைமரத்து மேல பனைமரம் நட்ட மாதிரி உசரம். ஒக்கார வச்சு, மெதுவா மேல தூக்கிட்டுப் போயி நிறுத்துவானாம். மேகத்தத் தொட்டுப் பாக்கலாமாம்."

"தொட்டுப் பாத்த பொறவு?"

"பொறவு கீழ விட்டுருவானாம்."

"விட்டுருவானா? புடிச்சுக்க மாட்டானா?"

"அதுதாங்க வெளையாட்டே. பக்கத்துல இன்னொண்ணு இருக்கு. தலைகீழ் ரயில். ஆளத் தலைகீழாத் தொங்கப் போட்டுக்கிட்டே ஓடும்."

"ஏன், வௌவாலுக்காகவா கட்டியிருக்கான்?"

பக்கத்து வீட்டுத் தமயந்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அண்ணே, எங்க நாத்தனா நேத்துத்தான் போயிட்டு வந்தா. வயிறு வாய் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டு உள்ள போச்சாம். உசுரே போயிட்டு வந்துச்சு, அம்புட்டு நல்லாருந்துச்சுங்கிறா."

"வந்தது அவ உசுருதானான்னு சரியாப் பாக்கச் சொல்லு தமயந்தி. கூட்டத்துல மாறிக்கீறி வந்துருக்கப் போகுது."

"எங்க அப்பாவுக்கு என்னம்மா, அவருக்குப் பயமே கெடையாதேன்னு லாவண்யா சொல்றாளே" என்றாள் கந்தம்மாள்.

சேனாதிபதிக்குச் சுருக்கென்றது.

பயமில்லாதவர் என்ற அந்தப் பெயர் அவருக்கு வந்தது கொடைக்கானலில்தான். வைகாசியில் கல்யாணம் ஆன கையோடு இரண்டு பேரும் மலைக்குப் போனார்கள். கோடை விழாச் சமயம். ஏரிக்கரையில் வாடகை சைக்கிளின் மணிச்சத்தமும் யூகலிப்டஸ் வாசமும் கூடவே வந்தன. கந்தம்மாள் அதுவரைக்கும் மலையை அண்ணாந்து பார்த்தவளே ஒழிய ஏறிப் பார்த்தவள் இல்லை. தழை கிள்ளாத காரட் கட்டு ஒன்றை வாங்கி, பூச்செண்டு மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஸ்வெட்டர். இந்த மரத்திலிருந்து அந்த மரம் வரைக்கும் அவள், அடுத்த மரம் வரைக்கும் அவர் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். குளிர் போனதோ இல்லையோ, சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

மேட்டில் ஒரு ராட்டினம் நின்றது. "ஏறுவமா?" என்றாள். புதுப் பெண்டாட்டி கேட்டு, எந்த மாப்பிள்ளை மாட்டேன் என்றிருக்கிறான்? ஏறினார்கள். உச்சிக்குப் போனதும் கரண்ட் போய்விட்டது. பஞ்சுப் பொதியை அவிழ்த்துக் கொட்டியது போல் மூடுபனி வந்து இறங்கியது. பெட்டி ஆடியது. பெரிய அலறல் ஒன்று கேட்டது. கீழே வந்தபோது எல்லோரும் கந்தம்மாளைப் பார்த்துச் சிரித்தார்கள். சேனாதிபதி மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பிக்கு முன்னால் இந்தக் கதை வந்துவிடும். "இவ போட்ட சத்தத்துல கொடைக்கானலே முழிச்சிக்கிருச்சு. நாந்தான் கையப் புடிச்சு, பயப்படாத, நான் இருக்கேன்னேன்." கந்தம்மாள் மறுத்துப் பேசியதே இல்லை. தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

உண்மையில் அன்றைக்கு முதலில் அலறியது சேனாதிபதி. நல்லவேளையாக அடுத்த நொடியே அவளும் அலறியதால் இவருடைய சத்தம் அதற்குள் அமுங்கிப் போயிற்று. அது அவளுக்கே தெரியாது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருக்கிறார். மேகத் தேரில் ஏறினால் அந்த மானம் மரியாதை எல்லாம் அரோகரா.

"மார்கழி மாசம், கடையில சோலி தலைக்கு மேல கெடக்கு" என்று சொல்லிப் பார்த்தார்.

"என் தம்பி செல்வமுருகன் பாத்துக்குவான். சொல்லியாச்சு."

"முட்டுவலி..."

"ஒக்காந்துதானங்க போறது?"

அதனால்தான் அந்தக் குளியலறைச் சபதம். சபதத்தோடு ஒரு யோசனையும் பிறந்தது.

மறுநாள் வெள்ளனே எழுந்து, கடைக்குப் போய்ப் பச்சை வேட்டி ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார். நெற்றி நிறைய விபூதி. காலையிலேயே மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"கந்தம்மா, ராத்திரி கனவுல முருகன் வந்தாரு. தைப்பூசம் வரைக்கும் விரதம் இருன்னுட்டாரு."

"வேற என்ன சொன்னாரு?"

"மாலை போட்டவன் கால் தலைக்கு மேல போகக் கூடாதுன்னாரு."

"அதையும் முருகனே சொன்னாரா?"

"பின்ன, நானா சொல்றேன்?"

கந்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள். "சரிங்க சாமி. வேன் வந்துரும், வெரசாக் கெளம்புங்க சாமி."

மாலை போட்டவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். கட்டினவளுக்கும் அவர் சாமிதான். சாமி செருப்புப் போடக் கூடாது. கறி மீன் தொடக் கூடாது. கோபப்படக் கூடாது. கேட்டவர்களுக்கு மாட்டேன் என்று சொல்லக் கூடாது. கடையில் மாலை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இதை ஒப்பித்து அனுப்புகிறவரே சேனாதிபதிதான். நாம் போட்டால் நமக்கும் அதே சட்டம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றாமல் போயிற்று.

வேலுச்சாமியின் வாடகை வேனில், இவர்களோடு சேர்ந்து பூங்காவுக்குக் கிளம்பிய தெருப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். பாலசமுத்திரம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் தமயந்தி கோழி வறுவல் டப்பாவைத் திறந்தாள். வாசம் கடைசி சீட் வரைக்கும் போய்த் திரும்பியது. சேனாதிபதி தன்னையறியாமல் கையை நீட்டினார்.

"சாமிக்கு இந்தாங்க, எலுமிச்சஞ்சோறு" என்று கந்தம்மாள் அந்தக் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள்.

வடகவுஞ்சியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். மார்கழிப் பனியில் ரோடு, ஐஸ் கட்டியைத் தேய்த்து வைத்த மாதிரி இருந்தது. செருப்பில்லாத சாமி ஒற்றைக் காலில் நின்று, காலை மாற்றி மாற்றி டீ குடித்தார். "சாமி இப்பவே காவடி ஆடுறாரு பாரு" என்றாள் தமயந்தி. கோபப்படக் கூடாது என்பதால் சாமி சிரித்தார்.

பூங்காவுக்குள் நுழைந்தால், புதுப் பகுதியில் ஊர்ப்பட்ட கூட்டம். இறங்கி வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். ஒருவர் சிரித்துக்கொண்டே அழுதார். ஒரு பெண் புருஷனை அடித்துக்கொண்டே, இன்னொரு தடவை போகலாம் என்றாள். பெரியவர் ஒருவர் பல்செட்டைக் கையில் பிடித்தபடி, "ஒண்ணும் இல்லப்பா, சும்மா காத்து" என்றார்.

தலைகீழ் ரயிலைக் காட்டி, "மாலை மட்டும் இல்லேன்னா இதுலயே போயிருப்பேன். ஹும், குடுத்து வைக்கல" என்று பெருமூச்சு விட்டார் சேனாதிபதி. காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்த திருப்தி அவருக்கு. நிழலான பெஞ்சு ஒன்றைப் பார்த்துப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மேகத் தேர் வரிசையில் நின்ற தெருப் பெண்களோ அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஒருத்தியும் நகரவில்லை.

"பயமாருக்கு கந்தம்மா. திரும்பிரலாம்டி."

"எதுக்குப் பயம்? நம்ம கூடத்தான் மாலை போட்ட சாமி இருக்காரே. அவரு நடுவுல ஒக்காந்தா நமக்கு என்ன ஆகும்?"

பெண்கள் அத்தனை பேரும் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார்கள். "சாமி, நீங்க வாங்க சாமி! நீங்க வந்தாத்தான் நாங்க ஏறுவோம்!"

"ஏ கந்தம்மா, கால் தலைக்கு மேல போகக் கூடாதுன்னு..."

"கேட்டுட்டேன் சாமி. இதுல கால் கீழதான் தொங்குமாம். தொங்குறதப் பத்தி முருகன் ஒண்ணும் சொல்லலையே?"

தேரை இயக்கும் கண்ணன் என்பவன் வந்து பணிவாக, "மாலைய சட்டைக்குள்ள போட்டுக்கங்க சாமி. லாக் டைட்டாப் போட்ருவேன், ஃபுல் சேஃப்டி" என்றான். சாமி மாட்டேன் என்று சொல்லக் கூடாதே. நடு இருக்கையில் உட்கார வைத்துப் பூட்டினார்கள். பக்கத்தில் கந்தம்மாள்.

தேர் கிளம்பியது. ராட்டினம்கூட இல்லை இது, சுற்றவே இல்லை. ஆனாலும் சேனாதிபதிக்குத் தலை சுற்றியது. மரங்கள் காலுக்குக் கீழே போயின. உச்சியில் நின்றதும், மேகம் சட்டென்று விலகியது. எங்கோ அடியில், வெயில் விழுந்த சமவெளியில், கைப்பிடி மண் குவித்தது போலப் பழனிமலை தெரிந்தது.

"நம்ம மலைடி!" என்று ஒருத்தி கத்தினாள். "வெற்றிவேல் முருகனுக்கு..."

"அரோகரா!" என்றது வரிசை முழுக்க.

சேனாதிபதி கண்ணைத் திறக்கவில்லை. கந்தம்மாளின் கையை நகம் பதியப் பிடித்திருந்தார்.

"ராட்டினத்துலயும் இப்படித்தாங்க புடிச்சீங்க" என்றாள் அவள் மெல்ல. அப்போது மட்டும் சாமி என்று சொல்லவில்லை.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "அப்ப... உனக்குத் தெரியுமா?"

"நீங்க கத்துனது எனக்குக் கேக்காதா? பக்கத்துலதான இருந்தேன். புது மாப்பிள்ளை அலறுனாருன்னு ஊரு சிரிக்கக் கூடாதேன்னுதான், அதவிடச் சத்தமா நான் கத்துனேன். பனி விலகுனதும், ஏரி அப்படித் தெரிஞ்சுச்சு, இப்படித் தெரிஞ்சுச்சுன்னு பக்கத்துப் பெட்டிக்காரங்க சொன்னாங்க. நான் பாக்கவே இல்ல. கத்துறதுலயே போச்சு. இன்னிக்கு நீங்க எம்புட்டு வேணும்னாலும் கத்திக்கங்க. நான் வேடிக்கை பாக்கணும்."

சேனாதிபதிக்கு என்னமோ போலாகிவிட்டது. காரட் கட்டும் ஒற்றை ஸ்வெட்டரும் கண்முன் வந்தன. நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கண்ணன் தேரை விட்டான்.

திறந்த வாயிலிருந்து வந்தது வேறு. "யேய்! நான் எறங்குறேன்! நான் எறங்குறேன்டா!"

தமயந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அய்யோ, சாமி எறங்குதுடி! முருகனே வந்து எறங்குறேங்கிறாரு!"

தேர் தரைக்கு வந்தது. பூட்டைத் திறந்ததும் உடம்பு தன்னால் ஆடியது. கால் பின்னியது. பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே இல்லை, அருள்தான். யாரோ விபூதித் தட்டுக்குப் பதில் பாப்கார்ன் டப்பா மூடியை நீட்டினார்கள். வெளியூர்ப் பெண் ஒருத்தி ஓடிவந்து கும்பிட்டாள்.

"சாமி, எம் பொண்ணு கல்யாணம் எப்ப நடக்கும்?"

சேனாதிபதியின் கவலை தன் கால் எப்போது நடக்கும் என்பதில் இருந்தது. "கொஞ்சம் பொறுத்து ஒக்காந்து எந்திரிச்சா நடக்கும்" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மூச்சு நிதானமானதும் சேனாதிபதி நிமிர்ந்தார். அலறியது போய் அருள் வந்ததாகிவிட்டது. மானம் பிழைத்தது மட்டுமில்லை, வட்டியோடு திரும்பி வந்திருந்தது. கந்தம்மாளை ஓரக்கண்ணால் பார்த்து மீசையைத் தடவினார். அவள் சூடாக ஒரு பஜ்ஜியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த வரிசை அவர் கண்ணில் பட்டது. மேகத் தேருக்கு நின்ற அத்தனை பேரும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்தாப்ல எங்க கூட வாங்க சாமி!"

"எங்களுக்கும் சாமி!"

கண்ணன் ஓடிவந்தான். "நீங்க இல்லாம ஏறமாட்டேங்கிறாங்க சாமி. ப்ளீஸ், ஈவ்னிங் வரைக்கும் இருந்துருங்க."

"கட்டாயம் இருப்பாரு" என்றாள் கந்தம்மாள். "மாலை போட்ட சாமி மாட்டேன்னா சொல்லுவாரு?"

சேனாதிபதி அவளைப் பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். மாலையைக் கழற்றி அவள் கையில் திணித்தார்.

"இந்தா, புடி. கனவும் இல்ல, முருகனும் வரல. இது கடையில ஆணில தொங்குன மாலை. இனிமே நான் சாமியே இல்ல. போதுமா?"

"தெரியும்ங்க. தம்பிக்குச் சாவி குடுக்கக் கடைக்குப் போனப்பவே ஆணி மொட்டையாத் தெரிஞ்சுச்சே." கந்தம்மாள் மாலையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நல்லதாப் போச்சு, வாங்க. தலைகீழ் ரயில்ல இப்பக் கூட்டம் இல்ல. இனிமே கால் தலைக்கு மேல போனா ஒரு குத்தமும் இல்லையே."

சேனாதிபதி பைக்குள் கையை விட்டு, மாலையைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே மேகத் தேர் வரிசைக்கு நடந்தார்.