ஓர்வில் ட்வெய்ட் ஓலேயைத் தேடிய போர்

பதினாயிரம் ஏரி சூழ்ந்த மினசோட்டாவின் மாவீரனே, பனி வாரும் மண்வெட்டியையே செங்கோலாய் ஏந்திய திண்தோளனே, எழுபது அகவை கடந்தும் உருளைக்கிழங்கு ரொட்டிக்கு அஞ்சா வயிற்றனே, ஓர்வில் ட்வெய்ட்டே, நின் கொற்றம் வாழ்க.

போர் மூண்டது லுத்தரன் தேவாலய நிலவறையில். ஞாயிறு ஆராதனை முடிந்து காபிக் கோப்பைகள் முரசென ஒலிக்கையில், மனைவி ஆர்டிஸின் தம்பி வெர்லின் கணை தொடுத்தான்: “எங்க வம்சத்துல நார்வே ராஜா ஒருத்தர் இருந்திருக்காரு, மச்சான். உங்க பக்கம் யாரு?” அக்கணமே ஆர்டிஸ் அரசகுலத்தாள் ஆனாள்; ஓர்வில் குலமறியாக் கணவன் ஆனான்.

அவன் அறிந்ததெல்லாம் நார்வேயில் ட்வெய்ட் என்னும் பண்ணையிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பூட்டன் ஓலே ஒருவனையே. தொலைபேசியை வாளெனப் பற்றி, அட்லாண்டிக் பெருங்கடல் தாண்டிப் பாய்ந்தான். அந்தோ, நார்வேயில் ட்வெய்ட் பண்ணைகள் விண்மீன்களினும் மலிந்திருந்தன. ஓலே மகன் லார்ஸ், லார்ஸ் மகன் ஓலே, அவன் மகன் மீண்டும் லார்ஸ் எனச் சுழன்ற சக்கர வியூகத்துள் புகுந்தவன், வெளிவரும் வழியறியாது திகைத்தான். பூட்டனின் தந்தையென ஏட்டில் கண்ட ஒரு லார்ஸின் கல்லறையையேனும் கைப்பற்றுவோமென இடுகாட்டுக் காவலரை அழைத்தான்.

“பராமரிக்க ஆளில்லன்னா இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்ங்க. இப்ப அங்க ஒரு பல் டாக்டர் இருக்காரு.”

குருதி கொதிக்க, எஞ்சிய கடைசி ட்வெய்ட் பண்ணையாம் கோட்டையைத் தாக்கினான். அங்கே தொலைபேசியை எடுத்தவள் போர்ஹில்ட் என்னும் பண்ணைக்காரி.

“அமெரிக்கா போன ஓலேவா?”

மூச்சை உள்ளிழுத்து, “ஆமா” என்றான் ஓர்வில்.

“எங்க வீட்டுலேருந்தே மூணு ஓலே போயிருக்காங்க. ஒருத்தர் பிடில் வாசிப்பாரு. ஒருத்தர் பாதிரியார் குதிரையில ஏறி ஓடிட்டாரு. மூணாவது ஆள் பத்தி யாருக்கும் ஞாபகம் இல்ல. உங்களுக்கு எந்த ஓலே வேணும்?”

“எங்களவர் எவருன்னு தெரியணுமே.”

“அது இனிமே தெரியாதுங்க. ஆனா மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே ‘ஆமா’ சொல்றீங்களே, எங்கப்பா அப்படித்தான் சொல்வாரு.”

மலையென நின்ற மாவீரன் மூன்று ஓலேக்களையும் தாளில் எழுதிக்கொண்டான்.

மறு ஞாயிறு, நிலவறை அதிர முழங்கினான்: “எங்காளு பாதிரியார் குதிரையைத் திருடிக்கிட்டு ஓடினவரு.” முட்டைக்கோஸ் சாலட்டை அள்ளிய கரண்டிகள் நின்றன. சபையோர் அனைவரும் அரசனைத் துறந்து கள்வனைச் சூழ, குதிரையின் நிறம் யாது, பாதிரியார் துரத்தினாரா எனத் தொடுத்த வினாக்களுக்கெல்லாம் ஓர்வில் கூசாது விடையளித்தான். ராஜ வம்சத்து வெர்லின் தனியே நின்று தன் காபியைத் தானே ஊற்றிக்கொண்டான்.

திரும்பும் வழியில் ஆர்டிஸ் கேட்டாள்: “அந்தக் குதிரை ஆளுதான்னு நிச்சயமா?”

மூச்சை உள்ளிழுத்து, “ஆமா” என்றான் வெற்றிவீரன்.

“சரி, ராஜா வீட்டுப் பொண்ணு சொல்றேன். நாளைக்குக் குப்பை வண்டி வரும்.”

ஓர்வில் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் கொண்டுபோய் வைத்தான்.