ராஜப்பாக்களை ஒன்றாக்கிய சர்வர் பற்றி மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சுனில் அவர்களுக்கு,

ஆண்டர்சன்பேட்டையிலிருந்து மாமனார், வக்கீல் ஏசுபாதம் எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் நானும் உங்கள் அத்தையும் நலம். பெங்களூரில் நீங்களும் மகள் லவினாவும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம். என் கேஸ்களைப் பார்த்துக்கொள்ள ஆபீசில் நீங்கள் வைத்துக்கொடுத்த சர்வர் நலமாக இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் மாப்பிள்ளை என்கிற மரியாதையைத் தாண்டி வாயில் ஏதாவது வந்துவிடும் என்று உங்கள் அத்தை போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். காகிதம் என்றால் அடித்துத் திருத்தலாம். இதில் அங்கங்கே மை பூசியிருப்பது அதனால்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க முயல வேண்டாம்.

போன சனிக்கிழமை வந்திருந்தபோது ஆபீஸ் பின்னறைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வெர்ஷன் பழசாகிவிட்டது, கம்பெனி இதற்கு சப்போர்ட்டை நிறுத்திவிட்டது, அப்கிரேட் செய்தே ஆகவேண்டும் என்றீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் ஏன் கை வைக்க வேண்டும் என்று கேட்டேன். பாதுகாப்பு என்றீர்கள். பேக்கப் இருக்கிறதா என்றும் கேட்டேன். இருக்கிறது என்றீர்கள். அந்த பேக்கப், சர்வரை முதன்முதலாக வைத்த அன்று எடுத்தது என்பதையும், அதன் பிறகு ஒரு தடவைகூட எடுக்கவில்லை என்பதையும் சொல்லவில்லை. திரையில் தொண்ணூற்றொன்பது சதவீதம் வந்ததும், "மிச்சத்தை அதுவே பாத்துக்கும் மாமா" என்று ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டீர்கள். அந்த மிச்சத்தில்தான் மாப்பிள்ளை, என் மானம் போனது.

திங்கட்கிழமை காலை என் குமாஸ்தா சில்வியா அதைத் திறந்தாள். முகமே மாறியிருந்தது. பெரிய பெரிய கம்பெனிகளின் புகார்களைப் பார்ப்பதற்காகச் செய்த சாமானாம், அதனால் என் கட்சிக்காரர்களை இப்போது ஸ்டேக்ஹோல்டர் என்கிறது. சில்வியா உள்ளே போனால் என்னை வெளியே தள்ளுகிறது, நான் உள்ளே போனால் அவளைத் தள்ளுகிறது. உங்கள் கம்பெனியின் சப்போர்ட்டுக்குப் போன் செய்தேன். பல்லவி என்று ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசி, அணைத்துவிட்டுப் போடச் சொன்னாள். அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி கூப்பிடுவதற்குள், என் தரப்பில் பதில் இல்லாததால் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று செய்தி வந்துவிட்டது. இத்தனை வருஷ வக்கீல் தொழிலில் எனக்கு எதிராக இவ்வளவு சுருக்காக நான் இல்லாமலே யாரும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கியதில்லை.

இதுவரை நடந்ததைக்கூட மன்னித்திருப்பேன். இனிமேல் எழுதப்போவதை லவினாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

என்னிடம் மூன்று ராஜப்பாக்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஊரிகத்து ராஜப்பா, பாக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் தான் குடியிருக்கும் வீட்டைத் தன் பேருக்கும் மனைவி ரத்தினம்மா பேருக்கும் எழுதி வாங்கக் கேஸ் நடத்துகிறார். இன்னொருவர் கோரமண்டல் ராஜப்பா, தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர், மனைவி ஷில்பாவிடமிருந்து விவாகரத்து கேட்டிருக்கிறார். மூன்றாமவர் ஸ்கூட்டரில் விழுந்து காலை முறித்துக்கொண்டவர். ஒரே பெயர் மூன்று இடத்தில் இருப்பது தண்டம் என்று நினைத்ததோ என்னவோ, உங்கள் புது வெர்ஷன் மூவரையும் சேர்த்து ஒரே ராஜப்பா ஆக்கிவிட்டது. ஆக்கிவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. ஊரிகத்து ராஜப்பாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியது: திருமணத்தை ரத்து செய்யும் உங்கள் மனு வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது, மனைவியின் கொடுமைக்கு ஆதாரங்களுடன் வரவும், முறிந்த காலின் எக்ஸ்ரேயையும் கொண்டுவரவும்.

ராஜப்பாவின் போன் ரத்தினம்மாவிடம்தான் இருக்கும். மெசேஜ் இங்கிலீஷில் இருந்ததால் பக்கத்து வீட்டு மாலாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மாலா அந்த லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்திருக்கிறாள்.

ரத்தினம்மா நேராக என் ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"இன்னா வக்கீலய்யா, கொடுமைக்கு சாட்சி வோணுமாமே. முப்பது வருசமா ஆக்கிப் போட்ட கை இது. நானே வந்து சொல்லட்டா?"

கம்ப்யூட்டர் தப்பு என்று எவ்வளவோ சொன்னேன். "மிசினு எதுக்குய்யா பொய் சொல்லப் போவுது? அதுக்கு இன்னா லாபம்?" என்று கேட்டுவிட்டுப் போய், வீட்டைப் பூட்டிக்கொண்டார். ராஜப்பா ஒரு பையோடு வந்து என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மூன்று வேளையும் உங்கள் அத்தைதான் சோறு போட்டாள். கட்சிக்காரர்கள் வந்தால், என்ன கேஸ் என்று அவரே முதலில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

சிரிக்க வேண்டாம். வியாழக்கிழமை உண்மையிலேயே விசாரணை இருந்தது, அந்த வீட்டுக் கேசுக்கு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வந்து ஜட்ஜ் முன்னால் நின்றால்தான் ஆகும் என்று உத்தரவு. ரத்தினம்மா வராவிட்டால் மனு தள்ளுபடி, வீடு கையை விட்டுப் போகும். அவரோ, வீடே போனாலும் அந்த ஆள் பக்கத்தில் நிற்கமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

வேறு வழியில்லாமல் கோரமண்டல் ராஜப்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு அவரையும், பெஞ்சில் இருந்தவரையும், சில்வியாவையும் ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஊரிகம் போனேன். என் வயதில், கறுப்புக் கோட்டோடு, ஆட்டோ டிரைவர் பக்கத்தில் பாதி உட்கார்ந்து. லைனே வெளியே வந்து நின்றது. ஜன்னல் வழியாகக் கோரமண்டல் ராஜப்பாவின் ஆதார் அட்டையைக் காட்டி, விவாகரத்து கேட்டவர் இவர்தானம்மா என்றேன். ரத்தினம்மா கதவைத் திறந்து, இரண்டு ராஜப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். தன் புருஷனை ஒன்றும் சொல்லவில்லை. இளையவரைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு உன்ன இன்னா பண்ணுச்சு, சொல்லு."

அவர் ஏதோ சொன்னார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து எந்நேரம் வந்தாலும் ஷில்பா சண்டை போடுகிறாளாம். அவளுக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று ரத்தினம்மா கேட்டார். நீ வந்தால்தானே அவள் சண்டையாவது போட முடியும் என்றார். அந்தப் பிள்ளை அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார், மாப்பிள்ளை. புதன்கிழமை ஷில்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து, மனுவை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டார். ஆக உங்கள் அப்கிரேட் ஒரு நல்ல கேசையும் தின்றுவிட்டது.

வியாழக்கிழமை ரத்தினம்மா கோர்ட்டுக்கு வந்தார், புருஷன் பக்கத்தில் நின்றார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். வீட்டை விட்டு யாரும் அவர்களைக் கிளப்பக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. வெளியே வந்ததும், எக்ஸ்ரே எடுத்துவர மறந்துவிட்டீர்களே என்று புருஷனைக் கேட்டார். ராஜப்பா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததால் நான் கோபத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து அந்தச் சர்வரைக் கழற்றி எடுத்துப் போய்விடுங்கள். பழைய வெர்ஷனும் வேண்டாம், புது வெர்ஷனும் வேண்டாம். சில்வியா சுவர் காலண்டரில் எழுதிக்கொள்வாள். காலண்டர் இதுவரை எந்தக் குடும்பத்துக்கும் மெசேஜ் அனுப்பியதில்லை. இதுவே என் முடிவான முடிவு, அப்பீல் கிடையாது.

கர்த்தர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்து, உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
மனம் புண்பட்ட மாமனார்,
ஏசுபாதம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் ஊரிகத்திலிருந்து பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். புருஷன்கள் மறைப்பதையெல்லாம் வக்கீல் ஆபீஸ் மிஷின் காட்டிக்கொடுக்கிறது என்று மாலா சொல்லியிருக்கிறாள். யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அப்படியானால் என்னமோ இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, அதைப் பிறகு கவனித்துக்கொள்கிறோம், வந்தது வந்தோம், ரத்தினம்மா மாதிரி எங்கள் வீட்டுக்கும் கேஸ் போடுங்கள் என்று அந்த லைன் மொத்தமும் காகிதங்களை மேஜையில் வைத்துவிட்டது. சில்வியா அத்தனையையும் சர்வரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள், சாப்பிடுங்கள், லவினாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். சர்வர் மேல் மட்டும் கை வைத்தால் நடக்கிறதே வேறு.